பத்தியச் சமையலுக்குப் பந்தி விலை

விருதுநகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் மைத்துனர் எந்தப் பொருளைப் பற்றிப் பேசினாலும் அதன் விலையில்தான் தொடங்குவார். ஒரு காதுகுத்து வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, ரத்தப் புற்றுநோய்க்கு வந்திருக்கும் செல் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தது. நாற்பது லட்சத்துக்கு மேல் ஆகும் என்றேன். அவர் அசரவில்லை.

"அத்தான், செல்போன் வந்த புதுசுல நிமிஷத்துக்குப் பதினாறு ரூபா. இன்கமிங்குக்கும் காசு. இன்னைக்கு இளநி விக்கிற பெரியவர்கிட்ட ரெண்டு சிம் இருக்கு. இதுவும் அப்படித்தான். பத்து வருஷம் பொறுங்க, நம்ம கடைக்கே சரக்கு வந்துரும்."

சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். இப்படி நினைப்பவர் அவர் ஒருவர் மட்டுமென்றால் வெற்றிலையோடு சேர்த்து நானும் மென்று விழுங்கியிருப்பேன். ஆனால் மருத்துவ மாநாட்டு மேடைகளில், நாளிதழ்த் தலையங்கங்களில், முதலீட்டாளர் கூட்டங்களில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு சொல்லப்படுவதும் இதே வாதம்தான். இன்று விலை அதிகம், நாளை போட்டி வரும், உற்பத்தி பெருகும், விலை சரியும். அதுவும் இந்தியா உலகத்தின் மருந்துக்கடை, நம் கைக்கு வந்தால் எதுவும் மலியும். இந்த நம்பிக்கை தவறு என்பது என் கட்சி. வெறும் தவறென்றால் காலம் திருத்திக்கொள்ளட்டும் என்று விடலாம். செய்யவேண்டிய காரியத்தைச் செய்யாமல் உட்கார்ந்திருக்க அது நமக்கு ஒரு சாக்காகவும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டியிருக்கிறது.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழுந்ததில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2001-இல் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது, எச்.ஐ.வி. கூட்டு மருந்தை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். மேலை நாட்டுக் கம்பெனிகள் அதே மருந்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. ரத்தப் புற்றுநோய் மாத்திரையான கிளீவெக்கின் கதை நமக்கு இன்னும் பக்கம். அதன் காப்புரிமை மனு சென்னை அலுவலகத்தில்தான் போடப்பட்டது. 2006-இல் இங்கேதான் தள்ளுபடியானது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் என்றிருந்த மாத்திரையை உள்நாட்டுக் கம்பெனிகள் பத்தாயிரம் ரூபாய் வாக்கில் கொடுத்தன. என் மைத்துனர் கடையிலேயே அந்த அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததை நம்புகிறார் அவர். குற்றமில்லை.

ஆனால் அந்த மாத்திரை ஏன் மலிந்தது? கிளீவெக்கில் இருக்கும் இமாட்டினிப் ஒரு மூலக்கூறு. சூத்திரம் தெரிந்தால் ஐதராபாத்தில் செய்வதும் சுவிட்சர்லாந்தில் செய்வதும் ஒன்றே. ஒரே கொப்பரையில் லட்சம் பேருக்கான மருந்தை இறக்கலாம். அதில் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதித்தால் லட்சம் பேருக்கும் சோதித்ததாக அர்த்தம். கொப்பரையை இரட்டிப்பாக்கினால் சோதனைச் செலவு இரட்டிப்பாகாது. விலையைத் தூக்கி நிறுத்தியிருந்தது காப்புரிமை என்ற ஒற்றைப் பூட்டு. அது திறந்தது, விலை விழுந்தது. அதாவது அது பந்திச் சாப்பாடு.

செல் சிகிச்சை பத்தியச் சமையல். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு சட்டி, மஞ்சள்காமாலைக்காரருக்கு ஒரு சட்டி, அம்மை போட்ட குழந்தைக்கு ஒரு சட்டி. ஒருவர் சட்டியை இன்னொருவருக்கு ஊற்ற முடியாது. ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் அடுப்பு. சமையற்காரருக்கு எவ்வளவு அனுபவம் வந்தாலும் அடுப்பின் எண்ணிக்கை குறையாது.

இதில் ஒரு துளி எனக்கே அனுபவம். டெங்குவில் படுத்திருந்த நண்பர் மகனுக்குத் தட்டணு கொடுக்க ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கையிலிருந்து குழாய் வழியாக ரத்தம் எந்திரத்துக்குள் போகிறது. அங்கே சுழன்று பிரிகிறது. வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி உடம்புக்கே அனுப்புகிறது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கிற சிட்ரேட்டால் கால்சியம் குறைந்து உதடு மரத்தாற்போல் ஊறும். நர்ஸ் சப்பிக்கொள்ள ஒரு சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பையில் சேர்ந்திருந்தது பருப்புத் தண்ணீர் நிறத்தில் ஒரு கால் லிட்டர். அதைக் குளிர்பெட்டியில் வைக்கக்கூடாது. அறைச் சூட்டில், தொட்டில் மாதிரி ஆடும் தட்டில் ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஐந்து நாள்தான் ஆயுள். இதெல்லாம் சரி. ஊசி குத்துவதற்கு முன்னால் நான் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். எந்திரம் சும்மாதான் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே டெக்னீஷியன் அன்று அரை நாள் விடுப்பு.

அந்த மூன்று மணி நேரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சை தொடங்குவதும் இதே வகை எந்திரத்தில்தான். நோயாளியின் டி-செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அவற்றைத் தட்டியெழுப்பி, உள்ளே இருந்த தீங்கை அகற்றிய வைரஸின் மேல் ஏற்றி ஒரு புதிய மரபணுவை உள்ளே அனுப்புகிறார்கள். புற்றுச் செல்லின் மேலிருக்கும் சி.டி.19 என்ற அடையாளத்தைப் பார்த்தால் பாயவேண்டும் என்ற பயிற்சி அது. பிறகு ஒன்றிரண்டு வாரம் வளர்த்து, உறைய வைத்து, திரவ நைட்ரஜன் கலத்தில் கொண்டுவந்து, படுக்கைக்குப் பக்கத்திலேயே உருக்கி ஏற்றுகிறார்கள். இடையில் கிருமி இருக்கிறதா, நச்சு இருக்கிறதா, வைரஸ் மறுபடி பெருகும் வாய்ப்பு உண்டா, ஒரு செல்லுக்குள் மரபணுப் பிரதிகள் எத்தனை, உயிரோடிருப்பவை எத்தனை சதவீதம் என்று வரிசையாகச் சோதனை. மாத்திரைக்கு லட்சம் பேருக்கு ஒரு முறை நடப்பது இங்கே ஆளுக்கு ஒரு முறை. ஒட்டும் சீட்டில் பெயர் மாறினால் ஓர் உயிர் போகும். ஆகவே ஒவ்வொரு பைக்கும் பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீடு வரை காவல்.

இந்த ஆலைக்கு மூலப்பொருள் அனுப்புகிறவரும் நோயாளி, சரக்கு வாங்குகிறவரும் அதே நோயாளி. அவர் ஏற்கெனவே மூன்று நான்கு சுற்றுக் கீமோ பார்த்தவர். அவருடைய டி-செல்கள் அவரைப் போலவே களைத்திருக்கும். 2017-இல் அனுமதி பெற்ற நோவார்டிஸின் கிம்ரியாவுக்கு இந்தத் தலைவலி சீக்கிரமே வந்தது. பையில் 80 சதவீதச் செல்களாவது உயிரோடிருக்கவேண்டும் என்பது அமெரிக்க வரையறை. சிலரின் பைகள் அதை எட்டவில்லை. வரையறைக்கு வெளியே போன அந்தப் பைகளைக் கம்பெனி விற்க முடியாமல், டாக்டர்கள் கேட்டால் இலவசமாகக் கொடுத்தது. உலகின் பெரிய மருந்துக் கம்பெனிகளில் ஒன்று, பணம் பஞ்சமில்லை, ஆள் பஞ்சமில்லை. அப்படியும் ஒரே மருந்தை ஒரே தரத்தில் செய்ய முடியவில்லை, ஏனென்றால் அது ஒரே மருந்தே இல்லை.

"எந்திரமயமாக்கிவிடுவார்கள்" என்பார்கள். ஆக்கியும்விட்டார்கள். மூடிய பெட்டிக்குள் எல்லாவற்றையும் தானே செய்யும் எந்திரங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஆனால் ஒரு பெட்டிக்குள் ஒரு சமயத்தில் ஒருவருடைய செல்தான். ஒருவருக்குப் பன்னிரண்டு நாள் என்று வையுங்கள். ஆண்டு முழுக்க ஒரு நாள் விடாமல் ஓட்டினாலும் முப்பது பேர். அடுப்பு நவீனமாகியிருக்கிறது, அவ்வளவே.

இது என் ஊகமல்ல, சந்தையே சொல்லும் சாட்சி. கிம்ரியாவின் விலை 2017-இல் 4,75,000 டாலர். போட்டி வந்தால் விலை இறங்கும் என்றார்கள். போட்டி வந்தது. 2024 முடிவதற்குள் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சைகள் ஏழு. ஏழாவதாக வந்த ஔகாட்சில் எவ்வளவுக்கு வந்தது தெரியுமா? 5,25,000 டாலர். ஏழு கடை திறந்த தெருவில் ஏழாவது கடைக்காரர் முதல் கடையைவிட அதிக விலைக்கு விற்கும் வியாபாரத்தை என் மைத்துனர் எங்கேனும் பார்த்திருக்கிறாரா என்று கேட்கவேண்டும்.

இந்த விலையிலும் கம்பெனிகள் கொழித்தனவா என்றால் அதுவும் இல்லை. புரோஸ்டேட் புற்றுக்கான செல் சிகிச்சை புரோவெஞ்ச் 2010-இல் 93,000 டாலருக்கு வந்தது. அதைச் செய்த டென்ட்ரியான் 2014-இல் திவாலானது. தலசீமியாவுக்கான மரபணு மாற்றிய செல் சிகிச்சையைக் கொண்டுவந்த புளூபேர்ட் பயோ ஐரோப்பாவில் விலை படியாமல் 2021-இல் கடையைக் கட்டியது. அமெரிக்காவில் 28 லட்சம் டாலர் விலை வைத்தும் நிமிரவில்லை. 2025-இல் முதலீட்டு நிறுவனங்களிடம் அடிமாட்டு விலைக்குப் போனது. கவனியுங்கள், மருந்து தோற்கவில்லை. மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அதை நிறுத்தினார்கள். மருந்து பிழைத்தது, வியாபாரி பிழைக்கவில்லை. 2025 அக்டோபரில் நோவோ நார்டிஸ்க், டகேடா இரண்டும் செல் சிகிச்சைத் துறையைவிட்டே விலகுவதாக அறிவித்தன. விலை குறையும் என்று நாம் யாரை நம்பிக் காத்திருக்கிறோமோ அவர்களே பந்தியிலிருந்து எழுந்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கே என் எதிர்க்கட்சிக்காரர் துருப்புச் சீட்டை எடுப்பார்: நெக்ஸ்கார்19. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி. ராகுல் புர்வாரின் குழு. 2023 அக்டோபரில் அனுமதி, 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் கையால் வெளியீடு. விலை அமெரிக்காவில் இருப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று. "பார்த்தீர்களா, இந்தியா கை வைத்ததும் மலிந்துவிட்டது!"

மலிந்தது உண்மை, பெருமைப்படவேண்டிய சாதனை, ஒரு வார்த்தையும் குறைத்துச் சொல்லமாட்டேன். எப்படி மலிந்தது என்று மட்டும் பார்ப்போம். விலையுயர்ந்த அந்த வைரஸ் ஊர்தியை வெளியில் வாங்காமல் தாங்களே செய்தார்கள். இங்கே விஞ்ஞானிக்கும் டெக்னீஷியனுக்கும் கொடுக்கும் சம்பளம் பாஸ்டன் சம்பளமல்ல. நோயாளியின் செல்லை விமானத்தில் கடல் தாண்டி அனுப்பவேண்டியதில்லை. இந்த மூன்றும் ஒரே ஒரு முறை கிடைக்கும் தள்ளுபடி. முதல் ஆயிரம் பேருக்குப் பிறகு இன்னொரு பத்தில் ஒன்று கிடைக்காது. பிறகு மிஞ்சுவது ஆளுக்கொரு சட்டி.

அந்தப் பத்தில் ஒன்றே 42 லட்சம் ரூபாய் அளவில் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம். மீதி முப்பத்தேழு லட்சத்துக்கு விருதுநகரில் யார் வீட்டை எழுதிக்கொடுப்பது? பத்தில் ஒன்றாகக் குறைந்தும் எட்டாத விலை, இன்னும் பத்து சதவீதமோ இருபது சதவீதமோ குறைந்தால் எட்டிவிடுமா?

விலைப்பட்டியலில் வராத இன்னொன்று இருக்கிறது. 2012 ஏப்ரலில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்குக் கார்-டி செல்களை ஏற்றினார்கள். இந்தச் சிகிச்சையைப் பெற்ற முதல் குழந்தை. சில நாளில் காய்ச்சல் கொதித்தது, ரத்த அழுத்தம் சரிந்தது, செயற்கை சுவாசத்தில் போட்டார்கள். பிழைக்கமாட்டாள் என்றே முடிவு. ரத்தப் பரிசோதனையில் ஐ.எல்.-6 என்ற அழற்சிப் புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது தெரிந்தது. சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம். அதற்கான டோசிலிசுமேப் என்ற மருந்து ஐ.எல்.-6-ஐத்தான் அடக்கும் என்பது அப்பாவாக அவருக்குத் தெரியும். போட்டுப் பார்த்தார்கள். எமிலி கண் விழித்தாள். இன்று அவள் கல்லூரிப் பருவத்துப் பெண். 2017-இல் கிம்ரியாவுக்கு அனுமதி கொடுத்த அன்றே இந்தப் பக்கவிளைவுக்கு டோசிலிசுமேபுக்கும் அனுமதி கொடுத்தார்கள்; அது அலமாரியில் தயாராக இல்லாமல் செல்லை ஏற்றக்கூடாது என்றும் விதித்தார்கள்.

எமிலியின் புற்றை ஒழித்தது செல். எமிலியைப் பிழைக்க வைத்தது வார்டு. இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறுவதைக் கவனிக்கும் நர்ஸ், சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் ஆய்வுக்கூடம், காலியாக ஒரு வென்டிலேட்டர், ‘இது சாதாரணக் காய்ச்சலல்ல’ என்று சந்தேகப்படும் டாக்டர். பையின் விலை நாளைக்கே பூஜ்யமானாலும் இந்த நான்கும் இல்லாத ஊரில் அந்தப் பையை ஏற்ற முடியாது. மருந்துக்கடை அலமாரியில் அது ஒருநாளும் வராது, மாப்ளே.

செல் சிகிச்சை ஏதோ நேற்று முளைத்ததுபோல் பேசுவதும் ஒரு பிசகு. எலும்பு மஜ்ஜை மாற்றும் செல் சிகிச்சைதான். டோனால் தாமஸ் 1950-களில் தொடங்கினார், 1990-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1983-இல் டாடா நினைவு மருத்துவமனையில் முதல் மாற்று; 1986-இல் வேலூர் சி.எம்.சி. காப்புரிமைத் தொல்லை கிடையாது, ரகசியம் கிடையாது, அறுபது ஆண்டுக்கு மேல் அனுபவம். செல்போன் விதிப்படி பார்த்தால் இந்நேரம் அது ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கவேண்டும். பிறர் மஜ்ஜையைப் பெறும் மாற்றுக்கு இன்றும் தனியார் மருத்துவமனைகளில் பத்து லட்சத்துக்கு மேல். ஏழைப் பிள்ளைகள் சிலருக்காவது அது கிடைத்தது விலை இறங்கியதாலா? தலசீமியாக் குழந்தைகளுக்கு 2017 முதல் கோல் இந்தியா நிறுவனம் ஆளுக்குப் பத்து லட்சம் வரை கொடுத்தது. விலை அப்படியேதான் இருந்தது, கொடுக்க ஒரு கை நீண்டது.

இன்னும் பழைய செல் சிகிச்சை ஒன்று உண்டு. யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. ரத்தம் ஏற்றுவது. சிவப்பணு உயிருள்ள செல், இன்னொருவர் உடம்பிலிருந்து வருவது, வகை பார்க்கவேண்டியது, கிருமி சோதிக்கவேண்டியது, சில வாரத்தில் கெட்டுப்போவது. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் நின்றார்கள். அதைச் சந்தையிடம் விட்டுவிட்டு விலை குறையட்டும் என்று நாம் காத்திருக்கவில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் ரத்தம் விற்பதைத் தடுக்கவும் உரிமம் இல்லாத ரத்த வங்கிகளை மூடவும் சொன்னது. பிறகு கல்லூரி முகாம்கள், தன்னார்வக் கொடையாளர்கள், அரசு ரத்த வங்கிகள், கட்டாயச் சோதனைகள். ஒரு யூனிட் ரத்தத்தைச் சேகரித்துச் சோதித்து வைக்க ஆகும் செலவு ஒன்றும் சில்லறையில்லை. வாங்குகிறவருக்கு அது தெரிவதில்லை, ஏனென்றால் அது விலையாக அவரிடம் வருவதில்லை.

சரி, எதிர்த்தரப்பின் கடைசி இரண்டு ஆயுதங்களையும் பார்த்துவிடுவோம். ஒன்று, யாரோ ஒரு கொடையாளரின் செல்லை மொத்தமாக வளர்த்து எல்லோருக்கும் கொடுக்கும் முறை. பத்தியச் சட்டியே வேண்டாம், பொதுக் கொப்பரை. கேட்க நன்றாக இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது: மீசோபிளாஸ்டின் ரையான்சில். கொடையாளர் மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல். மஜ்ஜை மாற்றுக்குப் பின் வரும் கடும் எதிர்விளைவால் தவிக்கும் குழந்தைகளுக்கு. விலை? ஒரு முறை ஏற்ற 1,94,000 டாலர். நான்கு வாரத்தில் எட்டு முறை ஏற்றவேண்டும். கொப்பரையில் சமைத்தும் விலை கிம்ரியாவை மூன்று மடங்கு தாண்டுகிறது. அதோடு அந்த அனுமதி சும்மா வரவில்லை. இந்தச் செல்லின் வீரியத்தை எதை வைத்து அளப்பது என்ற கேள்வியில் 2020-இலும் 2023-இலும் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம் அது. மாத்திரையில் 400 மில்லிகிராம் என்றால் 400 மில்லிகிராம். உயிருள்ள செல்லின் ‘பலம்’ எத்தனை மில்லிகிராம்? துறையின் ஆழமான சிக்கல் இதுதான். கிருமி இல்லையென்று நிரூபிக்கலாம். இன்று செய்த தொகுதி நேற்றுச் செய்த தொகுதியைப் போலவே வேலை செய்யும் என்று நிரூபிப்பது குதிரைக்கொம்பு.

கொடையாளர் செல்லில் நல்ல செய்திகளும் உண்டு. வெர்டெக்ஸ் நிறுவனம் ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்த்து முதல் வகை நீரிழிவுக்காரர்களுக்கு ஏற்றியது. முழு அளவு பெற்ற பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஓராண்டில் இன்சுலின் ஊசியை விட்டார்கள் என்று 2025-இல் அறிக்கை வந்தது. படித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அந்நியச் செல்லை உடம்பு தின்றுவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை விடாமல் சாப்பிடவேண்டும். சட்டி பொதுவானது, பத்தியம் ஆயுள் முழுக்க.

இரண்டாவது ஆயுதம் கூர்மையானது. செல்லை வெளியே எடுக்கவே வேண்டாம். ஒரு ஊசி போட்டால் உடம்புக்குள்ளேயே டி-செல்கள் மாறிக்கொள்ளும். 2025-இல் இதற்காக அஸ்ட்ராசெனிகா, அப்வீ போன்றவை கோடிக்கணக்கான டாலர் கொடுத்துச் சிறு கம்பெனிகளை வாங்கின. இது பலித்தால் அது பந்திச் சாப்பாடாகும், நகலெடுக்கலாம், என் மைத்துனர் சொன்னதும் ஓரளவு நடக்கும். அத்தைக்கு மீசை முளைக்கவே முளைக்காது என்று நான் சொல்லவில்லை. இதுவரை அந்த ஊசி போடப்பட்டவர்கள் மிகச் சிலர். போட்ட பிறகு வரும் காய்ச்சலைக் கவனிக்க அதே வார்டுதான் வேண்டும். முளைத்த பிறகு சித்தப்பா என்று கூப்பிடலாம்.

விதிகளைத் தளர்த்தினால் சீக்கிரம் மலியும் என்ற கிளைவாதத்துக்கு அதிகம் இடம் தரப்போவதில்லை. ஜப்பான் 2014-இல் சட்டம் மாற்றித் தளர்த்தியது. பாதுகாப்பானது, பலன் தரும் என்று ஊகிக்க இடமிருந்தால் போதும், விற்றுக்கொண்டே நிரூபிக்கலாம். தெருமோ நிறுவனத்தின் இதயத் தசைத் தகடு ஹார்ட்ஷீட் 2015-இல் அப்படி வந்தது. ஒன்பது ஆண்டு கழித்து, பலன் நிரூபணமாகவில்லை என்று 2024-இல் சந்தையைவிட்டுப் போனது. இடையில் அதற்குப் பணம் கொடுத்தது மக்கள் காப்பீடு. மலிவாகவில்லை, வீணாகியது.

ஆனால் ‘மலிவு வரப்போகிறது’ என்ற நம்பிக்கையால் உண்மையிலேயே கொழிப்பவர்கள் வேறு. எங்கள் தெருவிலேயே ஒரு தம்பதி. மகனுக்கு ஆட்டிசம். ஏதோ ஒரு ஊரில், பெயர் வேண்டாம், ஒரு கிளினிக்கில் ‘ஸ்டெம் செல் பேக்கேஜ்’ மூன்று தவணை. அந்த அம்மாவின் வளையல்கள் போனது எனக்குத் தெரியும். பையன் அப்படியேதான் இருக்கிறான். அவன் அப்பா என்னிடம் சொன்னது: "வெளிநாட்டுல கோடிக்கணக்குல ஆகுமாம் சார். இங்க இப்ப விலை இறங்கிருச்சுன்னாங்க." இறங்கிவிட்டது என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் அவர்கள் விழுந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர ஸ்டெம் செல்லை வைத்துச் செய்வதெல்லாம் ஆராய்ச்சி, அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. ஆட்டிசத்துக்கு இதைச் செய்வது தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் சொல்லியிருக்கிறது.

அந்தக் கிளினிக்கில் எப்படி மூன்று லட்சத்துக்குக் கட்டுப்படியாகிறது? மேலே நான் அடுக்கிய சோதனைகளை ஒவ்வொன்றாக அடித்துவிட்டுப் பாருங்கள், விலை தானாக இறங்கும். புளோரிடாவில் 2015-இல் மூன்று மூதாட்டிகளுக்கு வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை இரண்டு கண்களிலும் ஒரே நாளில் ஊசியாகப் போட்டார்கள். கட்டணம் 5,000 டாலர். மூவருக்கும் பார்வை போனது. செல் சிகிச்சையில் மலிவான சரக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, அது இதுதான்.

பிறகு என்னதான் வழி என்பீர்கள். பார்சிலோனாவின் கிளினிக் மருத்துவமனை கம்பெனிக்காகக் காத்திருக்கவில்லை. ரத்தப் புற்றில் இறந்துபோன ஆரி என்ற இளம்பெண்ணின் தாய் திரட்டத் தொடங்கிய நிதி, பொது மருத்துவமனையின் சொந்த ஆய்வுக்கூடம், முன்னால் சொன்ன மூடிய பெட்டி எந்திரங்கள். அந்தப் பெண்ணின் பெயரிலேயே ஏ.ஆர்.ஐ.-0001 என்ற கார்-டி. 2021-இல் ஸ்பெயின் அரசு, மருத்துவமனைகளுக்கான தனி விதியின் கீழ் அனுமதித்தது. விலை ஏறத்தாழ 90,000 யூரோ, கம்பெனிச் சரக்கில் சுமார் மூன்றில் ஒன்று, கொடுப்பது அரசு. காலம் கனிந்து குறைந்ததல்ல அது. இதை விற்பனைப் பொருளாக நினைப்பதை விட்டு, அறுவைக்கூடம் மாதிரி, மருத்துவமனையின் வேலைகளில் ஒன்றாக நினைத்ததால் குறைந்தது. அதே ஏ.ஆர்.ஐ.தான் பெங்களூருவின் இம்யுனீல் வழியாக உரிமம் பெற்று 2025-இல் இந்தியாவுக்கு வந்தது. சரக்கை இறக்கினோம், ஏற்பாட்டை இறக்கவில்லை.

நமக்கு அது தெரியாத வித்தையுமல்ல. 2024 டிசம்பரில் வேலூர் சி.எம்.சி. குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. கடுமையான ஹீமோஃபீலியா-ஏ உள்ள ஐந்து பேர். அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லிலேயே குறைந்த உறைபொருளுக்கான மரபணுவை ஏற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். கண்காணித்த காலம் முழுக்க ஐவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. அலோக் ஸ்ரீவத்சவாவின் குழு. உலகில் முதல் முறை. அது ஏன் வேலூரில் நடந்தது? 1986-இலிருந்து அங்கே மஜ்ஜை மாற்று வார்டு ஓடிக்கொண்டிருந்தது. செல் பிரிக்கத் தெரிந்தவர்கள், எதிர்ப்புச் சக்தி பூஜ்யமான நோயாளியை இரவில் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள், ஒரு தலைமுறையாகக் கற்றவர்கள் இருந்தார்கள். புதிய செல் வந்து உட்கார இடம் தயாராக இருந்தது.

எனவே அரசிடம் கேட்கவேண்டிய கேள்வி ‘எப்போது விலை குறையும்’ அல்ல. மதுரையில், திருநெல்வேலியில், கோவையில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் செல் பிரிக்கும் எந்திரம் எத்தனை, அதை ஓட்ட மூன்று ஷிஃப்டுக்கும் ஆள் உண்டா, மஜ்ஜை மாற்றுப் படுக்கை எத்தனை, அதற்குப் பயிற்சி பெற்ற நர்ஸை இடமாறுதலில் தூக்கி வேறு வார்டில் போடாமல் வைத்திருக்கிறார்களா, ஐந்து லட்ச உச்சவரம்பு இந்த நோய்களுக்கு மட்டுமாவது எப்போது உயரும். கேட்க ருசியில்லாத கேள்விகள்தான். பதில் வராவிட்டாலும் யாரும் தலையங்கம் எழுதமாட்டார்கள்.

இதையெல்லாம் காதுகுத்து வீட்டில் சொல்லவில்லை. மைத்துனரிடம் ஒன்றுதான் கேட்டேன். பல வருஷத்துக்கு முன்னால் அத்தைக்கு, அதாவது அவர் அம்மாவுக்கு, கருப்பை ஆபரேஷன் நடந்தது, மதுரை பெரியாஸ்பத்திரியில். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள்.

"அந்த ரத்தம் என்ன விலைன்னு ஞாபகம் இருக்கா மாப்ளே?"

யோசித்தார். விலை மறக்கிற ஆளில்லை அவர்.

"காசு வாங்கலியே அத்தான். என் தம்பிமார் ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போய் ரத்தம் குடுக்க வெச்சேன். முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் டீயும் குடுத்தாங்க."